சோப்பில் எழுத வேண்டிய பெயர்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு, மாடி வீடு, லாரி எல்லாம் யார் தயவும் இல்லாமல் உண்டாக்கினேன். நேற்றுச் சவரக்கடையில் முகத்தில் சோப்பு நுரை மணந்ததும் நான் பையனாயிருந்த எழுபதுகளுக்குப் போய்விட்டேன்.

அன்று இதே கடையில் செஸ் புதிர் வைப்பார்கள். விடுவித்தவன் பெயரைக் கண்ணாடியில் சோப்பால் எழுதுவார்கள். ஒருநாள் புதிரை விடுவிக்க நான் உட்கார்ந்து, குதிரையை வெட்டக் கொடுத்தேன்.

"குதிரையச் சும்மா கொடுக்கறியேடா, மண்டா!" கடைக்காரர் குமாரேட்டன் சிரித்தார்.

"வெட்டுங்கோ, சேட்டா."

யானையால் வெட்டினார். ராஜா தப்ப இருந்த ஒரே கட்டத்தை அந்த யானையே அடைத்தது. என் இன்னொரு குதிரை பாய்ந்தது. சொந்தக் காய்களுக்கு நடுவே ராஜா மூச்சுமுட்டி விழுந்தான்.

"படிச்சவன் உன் அண்ணன்தான் சொல்லித் தந்திருப்பான்" என்று குமாரேட்டன் என் அண்ணன் பெயரை எழுதிவிட்டார்.

இப்போது கடை அவர் மகனுடையது; கண்ணாடி பழையதுதான். பாதிச் சவரத்தில் எழுந்தேன்.

"மோனே, கத்திய வை. சோப்ப எடுத்து என் பேர எழுது: குதிரையக் கொடுத்து ஜெயிச்சது சுந்தரம்."