பிடுங்கவும் என்று எழுதாத மதிப்பீடு

பொதுமக்கள் கொடுக்கும் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். விதி அப்படி. துறைமுக அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு இது மனப்பாடம். அந்த மனப்பாடத்தை நம்பித்தான் தங்கை புருஷனின் ஐந்து மாடுகளைப் பணயம் வைத்தேன்.

மாப்பிள்ளைக்குத் திருவொற்றியூரில் மாட்டுக்கொட்டகை. நாலு தெருவுக்கும் இரண்டு டீக்கடைக்கும் பால் ஊற்றிக் குடும்பம் நடந்தது. சடையங்குப்பம் பக்கத்துச் சதுப்பில் பெண்கள் அறுத்துத் தரும் புல்தான் தீனி. ஒரு மழைக்கு வெள்ளத்தோடு ஆலைகளின் எண்ணெயும் வந்து படிந்தது. அதற்குப் பிறகு முளைத்த புல்லை மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் பக்குவம் மாட்டுக்குக் கிடையாது. அரசு வேலைக்கு லாயக்கில்லாத பிராணி.

வைக்கோல் விலை கட்டுப்படியாகவில்லை. கோடையைத் தாண்ட வழியில்லை என்றால் மாடுகளை விற்க வேண்டியதுதான் என்றார் மாப்பிள்ளை. அப்போதுதான் நான் ஒரு துண்டறிக்கையோடு போய் நின்றேன். தீவன பீட்ரூட். உப்பு மண்ணிலும் வரும், ஒரு கிழங்கே இரண்டு, மூன்று கிலோ தேறும். மணலி புதுநகருக்குப் பின்னால் உப்பு பூத்த பதினைந்து சென்ட் நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. கார்த்திகைக் கடைசியில் விதைத்தோம். மாசி முடிவதற்குள் கிழங்குகள் தலையை மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

அறுவடைக்கு நான் மதிப்பீடு போட்டேன். ஆறு பெண்களுக்குக் கூலி. மண்ணோடு தின்றால் மாட்டின் வயிற்றில் மணல் தங்கும், ஆகவே கழுவ அரை லாரித் தண்ணீர். குட்டி யானை வண்டி நாலு நடை. இலையை ஒரு நாள் வாடவிட்டே போட வேண்டும், கிழங்கை நறுக்கி வைக்கோலில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு வேறு. மொத்தம் இரண்டு பக்கம். இலைக்கொத்தைப் பிடித்துக் கிழங்கோடு பிடுங்க வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. அதைப் போய் யாராவது எழுதுவார்களா?

சதுப்பில் புல் அறுத்த அதே பெண்களைத்தான் அழைத்திருந்தோம். தண்ணீர் லாரிக்கு வழிகாட்ட நானும் மாப்பிள்ளையும் மெயின்ரோட்டுக்குப் போனோம். லாரி தாமதம். திரும்பி வந்தபோது முக்கால் நிலம் மொட்டை. இலைகளைக் கழுத்தோடு அரிவாளால் அறுத்து, அழகாகக் கட்டு கட்டி அடுக்கியிருந்தார்கள். கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே இருந்தன.

“இன்னாம்மா பண்ணிக்கினு கீறீங்கோ?” மாப்பிள்ளை வரப்பிலிருந்தே கத்தினார்.

மூத்தவள் இடுப்பில் கை வைத்தாள். “இன்னா நைனா, வேரை வுட்டாத்தானே மறுபடி தழையும்? இருவது வருசமா புல்லு அறுக்குறேன், எனக்கே நீ கத்துக் குடுக்குறியா?”

“இது புல்லு இல்லம்மா. கெயங்கு. கெயங்குதான் தீனியே.”

“அத்த வந்தவொடனே சொல்றதுக்கு இன்னா? இந்தப் பெர்சு காலைலேர்ந்து ரெண்டு காயிதத்த வச்சிக்கினு சுத்திச்சே, அது இன்னாத்துக்கு?”

மற்ற ஐவரும் சிரித்தார்கள். கேள்வி சரியான கேள்வி.

மிச்சமிருந்த கால் நிலத்தைப் பிடுங்கினார்கள்; அதுவும் இலைக்கட்டுகளும் ஒரு மாதத் தீனிக்குத்தான் காணும். பிடித்து இழுக்க இலை இல்லாத கிழங்கு காய்ந்த களிமண்ணிலிருந்து வராது. ஒவ்வொன்றாகக் கடப்பாரையால் நெம்ப வேண்டும். மூன்று மடங்கு கூலி கேட்டார்கள், நியாயம்தான். மாப்பிள்ளை தங்கையின் வளையலை அடகு வைக்கப் புறப்பட்டார். நான் தடுத்தேன். கிழங்கு தோண்டும் கலப்பையை டிராக்டரோடு வாடகைக்கு விடும் அரசு அலுவலகம் இருக்கிறது, மனு போட்டால் முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும், அதுவரை கிழங்கு மண்ணில் தாங்கும் என்றேன். இலையோடு இருந்தால் தாங்கும். கழுத்தறுபட்ட கிழங்கைப் பற்றித் துண்டறிக்கையில் பத்தி எதுவும் இல்லை.

மார்ச் பதினேழாம் தேதி மனு, இணைப்பு ஐந்து, பதிவுத் தபால். ஒப்புகை அட்டை வந்தது. அதைக் காட்டியே மாப்பிள்ளையை ஒரு மாதம் உட்கார வைத்தேன். பிறகு நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. பங்குனி வெயிலில் வெட்டுவாய் வழியாகக் கிழங்குகள் கறுத்து இளகின. நிலத்துக்கு நூறு அடி முன்பே புளித்த வாடை வரும். கடைசியில் அவரே கடப்பாரையை எடுத்தார். விடியலில் பால் ஊற்றி முடித்து, சைக்கிளில் போய்த் தோண்டி, அழுகாதது ஒரு கூடை தேறினால் கட்டிக்கொண்டு வருவார். பத்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவே ஒரு வாரம் ஆனது.

முதல் மாடு சித்திரையில் போனது. வாங்க வந்தவன் பல்லைப் பார்க்கவில்லை, மடியைப் பார்க்கவில்லை, எடை மட்டும் விசாரித்தான். எதற்கு வாங்குகிறான் என்று நாங்களும் விசாரிக்கவில்லை. வைகாசிக்குள் ஐந்தும் முடிந்தது. கடைசி மாட்டை வண்டியில் ஏற்றியபோது தங்கை என் பக்கம் திரும்பி, “இதுக்கு விதி இன்னா சொல்லுதுண்ணா?” என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று. மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. நான் போய் வண்டியின் பின்கதவைத் தாழிட்டேன்.

மாப்பிள்ளை இப்போது எண்ணூரில் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன். கொட்டகையில் யாரோ பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பதில் என் வீட்டுக்குத்தான் வந்தது. கருவியுடன் டிராக்டர் ஒதுக்க ஆட்சேபணை இல்லை. நிலத்தில் பயிர் இருப்பதற்கான சான்றை ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் மனு முடித்துவைக்கப்படும். தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். பழக்கதோஷம், அவர் கேட்காமலே அதன் கீழே தேதியும் எழுதினேன்: ஜூலை பதினேழு.