சும்மா ஊர் சுற்ற ஒரு வருஷம்

கச்சேரி சாலையில் எங்கள் அத்தா வைத்திருந்தது பெட்டி விற்கிற கடை. பெட்டிக்கடை என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் சரியாக இருக்காது. கடைக்குள் நுழைகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "எங்க போறீங்க?" என்பதுதான். துபாய்க்கு வேலைக்கு என்றால் ஒரு பெட்டி, அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் என்றால் வேறு ஒன்று, திருப்பதி என்றால் தோள் பை. பதிலைக் கேட்டதும் கை தானாக அந்த அலமாரிக்குப் போய்விடும். தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரி முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒருத்தி வந்தாள்.

பத்தொன்பது வயதுதான் இருக்கும். இங்கிலாந்துக்காரி. தன்னைவிடப் பெரிய பை ஒன்றை முதுகில் சுமந்திருந்தாள். அதன் ஒரு பக்க வார் அறுந்து தொங்கியது. தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். வழக்கம்போல அத்தா, எங்கே போகிறாய் என்று கேட்டார். "தெரியவில்லை. சும்மாதான். எல்லா இடத்துக்கும்" என்றாள். அத்தா என்னைப் பார்த்தார். வீட்டில் தடுமாறாமல் இங்கிலீஷ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால், இந்த மாதிரி வம்பெல்லாம் என் தலையில்தான் விழும்.

தைத்துத் தர மறுநாள் ஆகும் என்றார் அத்தா. அவள் போகாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. அத்தாவைச் சாப்பிடக் கூப்பிட இறங்கி வந்த அம்மா அவளைப் பார்த்தாள். எண்ணெய் காணாத தலை, வெயிலில் தோலுரிந்த மூக்கு, சாயம் போன சட்டை. ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய், ரசம் ஊற்றிச் சோறு போட்டாள். விசாரணை இரண்டாவது கவளத்தில் ஆரம்பித்தது.

"இன்னா படிக்கிறாளாம்?"

பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள், காலேஜில் இன்னும் சேரவில்லை, நடுவில் ஒரு வருஷம் ஊர் சுற்றுகிறாள் என்று சொன்னேன்.

"ஃபெயிலா?"

நல்ல மார்க்காம், சீட்டுகூடக் கிடைத்துவிட்டதாம், ஒரு வருஷம் கழித்து வருகிறேன் என்றதும் காலேஜே அதை எடுத்து வைத்திருக்கிறதாம் என்றேன்.

"காலேஜ் சீட்ட எவனாவது எடுத்து வெப்பானா? அது இன்னா கல்யாண மண்டபமா, அட்வான்ஸ் குடுத்து வெக்க?" என்றாள் அம்மா. அத்தோடு அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண் பரீட்சையில் கோட்டை விட்டிருக்கிறாள். பெற்றவர்கள் கோபத்தில் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஊர் சுற்றுகிறேன் என்கிறாள்.

அவர்கள் நாட்டில் பள்ளி முடித்த பிள்ளைகள் ஒரு வருஷம் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவது வழக்கம், அது தண்டனை இல்லை, பெருமை என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "வயசுப் பொண்ண எந்தத் தாய் ஒண்டியா அனுப்புவா?" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. எதிர் வீட்டு மாமி ஒரு டப்பா முறுக்கோடு வந்து, "ஆத்துல சேத்துக்கலையாமே, பாவம் கொழந்தை" என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

வார் தைத்த பிறகும் அவள் கிளம்பவில்லை. அவள் தங்கியிருந்த திருவல்லிக்கேணி லாட்ஜைக் காலி செய்ய வைத்து, என் அறையில் அம்மா அவளுக்குப் பாய் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடம் குறைந்துபோனதால் இல்லை, பொறாமைதான். லஸ் முனையைத் தாண்டித் தனியாகப் போக நான் ஆயிரம் காரணம் சொல்ல வேண்டும். அவளோ தன்னந்தனியாக ராஜஸ்தான் பாலைவனம் வரை போய் வந்தவள். ஒட்டகத்தில் ஏறினாயா, பனி பார்த்தாயா என்று துருவித் துருவிக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் "பிரமாதம்" என்ற ஒரே பதில்தான். மகாபலிபுரம் போகலாமா என்றால் நாளைக்கு என்பாள். பாண்டி பஜார் என்றால் தலைவலி என்பாள். அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. உலகத்தைச் சுற்ற ஒரு வருஷம் கிடைத்தவள் எங்கள் வீட்டு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. வேண்டாமென்றால் அந்த வருஷத்தை என்னிடம் கொடுத்துவிடேன் என்று கத்தலாம் போலிருக்கும்.

ஒரு சாயங்காலம் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "இவ அம்மாகிட்ட நானே பேசறேன். புள்ள தெரியாம பண்ணிடுச்சு, மன்னிச்சு வூட்ல சேத்துக்கோங்கன்னு சொல்றேன். இவகிட்ட இங்கிலீஷ்ல சொல்லு."

எனக்கு மானம் போயிற்று. அவளாவது சிரிக்கட்டும் என்று, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அழ ஆரம்பித்தாள். கையில் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

விசும்பலுக்கு நடுவே சொன்னாள். வந்த புதிதிலிருந்தே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் இருக்கிறதாம். ஆனால் முடியாதாம். கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் ஆளுக்கொரு நாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் நடுவில் திரும்புவதில்லை. இவளுக்கு விருந்து வைத்து, புதுப் பை வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்கள். என் பெண் தைரியசாலி என்று அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பாதியில் போய் நின்றால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றாள்.

என்னை வெளியே விட மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் அதுவரை என் கவலை. வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் ஒருத்தி தவிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. என் எரிச்சலெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள்மேல் இரக்கமாக இருந்தது.

"இன்னாவாம்?" என்றாள் அம்மா.

"வூட்டுக்குப் போகணுமாம். ஆனா பயமா கீதாம்."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

தெரு முனை எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அவர்கள் ஊரில் அப்போது மதியம். அவள் அம்மா உடனே எடுத்துவிட்டார். "நான் நன்றாக இருக்கிறேன் அம்மா" என்றாள் அவள். கோயில் பிரமாதம், கடல் பிரமாதம், சாப்பாடு பிரமாதம். கன்னத்தில் கண்ணீர் வழிய, குரலில் மட்டும் அப்படி ஒரு உற்சாகம். ஒன்றும் சொல்லாமலேயே வைத்துவிடப் போகிறாள் என்று பயந்தேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பெண்ணின் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று ரிசீவரைப் பிடுங்கினாள். "இந்தாம்மா, உன் பொண்ணு இங்க அழுதுக்கினு கீது. அதுக்கு வூட்டுக்கு வரணுமாம். கோவத்த வுட்டுட்டு சேத்துக்கோ" என்று, பூத்துக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி தமிழிலேயே சொல்லிவிட்டு, ரிசீவரை என் கையில் திணித்தாள்.

மறுமுனையில், யார் இது, என்ன ஆயிற்று என்று பதறிய குரல். நான் யார் என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, நலமாக இருக்கிறாள் என்றேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு வீட்டுக்கு வர வேண்டுமாம். உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறாள்" என்றேன். மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. அவர் இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். தமிழில் அதற்கெல்லாம் சேர்த்து அப்பாடா என்று ஒரே வார்த்தை போதும். பெண் விமானம் ஏறிய நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லையாம். வந்துவிடு என்று கூப்பிட்டால் அவள் ஆசையைக் கெடுத்ததாகிவிடுமே என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

இதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் காதோடு காதை ஒட்டிவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் நிம்மதியில் சிரிப்பு வந்தது.

"சேத்துக்கிறாங்களாமா?" என்று அம்மா என் முழங்கையை இடித்தாள்.

"சேத்துக்கிறாங்களாம்மா. உடனே வரச் சொல்றாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே, "வந்ததும் திட்டக் கூடாதுன்னு சொல்லு. கொஞ்ச நாளைக்கு எதுவும் கேக்க வேணாம்னு சொல்லு" என்றாள்.

இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பிறகு அப்படியே சொல்லிவிட்டேன். வந்ததும் அவளைத் திட்ட வேண்டாம் என்று எங்கள் அம்மா கேட்டுக்கொள்கிறார் என்றேன்.

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் மறுமுனையில் கேட்டது.

"மாட்டேன்" என்றார் அந்த அம்மா. "திட்டவே மாட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்."