டென்மார்க் கதிரைக்கு வைத்த பொட்டு

பின்னி முடித்த கதிரையில் சந்திரமதி ஏறிச் சம்மணமிட்டு அமர்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் ஒருமுறையும் வலப்பக்கம் ஒருமுறையும் சாய்கிறார். எங்கேனும் கயிறு முனகினால் இறங்கி, அந்த வரிசை வரைக்கும் அவிழ்த்து மறுபடி தொடங்குகிறார். முனகாவிட்டால், "சப்பாணி கொட்டி இருக்க விடாதது கதிரையே இல்லை" என்று தமக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த கதிரையை இழுக்கிறார்.

சூரிச்சை அடுத்த ஷ்லீரனில், தண்டவாளத்தை ஒட்டிய பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. சூரிச்சில் டென்மார்க்குத் தளபாடம் விற்கும் கடையொன்றுக்கு அது சொந்தம். சென்ற நூற்றாண்டின் நடுவில் டென்மார்க்குத் தச்சர் வகுத்த, மெலிந்த காலும் வளைந்த முதுகும் கொண்ட கதிரைகள், இன்று சூரிச்சின் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் ஏரிக்கரை வீடுகளிலும் கொலுவீற்றிருக்கின்றன. முறுக்கிய கடதாசிக் கயிற்றால் பின்னிய அவற்றின் இருக்கை, இருபது முப்பது ஆண்டில் தொய்ந்துபோகும். தொய்ந்தவை சந்திரமதியிடம் வந்து சேர்கின்றன.

வயது ஐம்பத்தெட்டு. அந்தக் கடையின் தரையைப் பதினொரு ஆண்டு துடைத்தவர். துடைக்கும் தடியில் நாடியை ஊன்றி நின்று, அப்போது அங்கே கதிரை பின்னியவரின் கை போகும் வழியைப் பார்த்தே மனனம் செய்துகொண்டார். 2009இல் அந்த மனிதர் வேறு ஊருக்குப் போய்விட, முதலாளி ஹெர் ஆமானின் முன்னே ஒரு கதிரையை ஒரே இருப்பில் பின்னிக் காட்டினார். தடி அன்றோடு கைமாறியது. இன்றும் பின்னும்போது உதடு அசைகிறது. கயிறு சுற்றிவரும் நான்கு மூலைகளின் பெயரையும் பதிகம் ஓதுவதுபோல முறை பிறழாமல் ஓதுகிறார். முன்சட்டைப் பையில் வறுத்த கச்சான் கடலை எப்போதும் உண்டு. கயிற்றில் எண்ணெய் படும் என்று பட்டறைக்குள் ஒன்றையும் வாயில் போடுவதில்லை. மாடிப்படியில் நின்றுதான் கொறிப்பார்.

டென்மார்க்கில் வாழும் தங்கை தனலட்சுமி, கைபேசியின் வழியே நாள்தோறும் பட்டறையில் உடனிருப்பவர். அவர் வீட்டில் இத்தகைய கதிரை ஒன்றும் இல்லை. கறுப்புத் தோல் சோபா ஒன்றுதான், அதுவும் வாங்கிய நாளின் பிளாஸ்ரிக் உறையோடு.

"உங்கடை நாட்டுக் கதிரைக்கு நான் இஞ்சை முதுகு முறியிறன். நீ உறை கழட்டாத சோபாவிலை இருந்து கதைக்கிறாய்" என்று இவர் குத்துவார்.

"அதுதான் அக்கா, அது எங்களிட்டை நிக்காமல் உங்கை ஓடி வருது" என்று அவர் திருப்புவார்.

2016ஆம் ஆண்டு சரசுவதி பூசையன்று சந்திரமதி வழக்கம்போலப் பட்டறைக் கருவிகளுக்குப் பொட்டிட்டார். சுத்தியல், கத்தரிக்கோல், வரிசையைத் தட்டி நேராக்கும் மரக்கட்டை, கயிற்று உருளை என ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போன விரல், வரிசையின் முடிவில் நின்ற ஒரு கதிரையின் முதுகுக்கும் வைத்துவிட்டது. ஓய்வுபெற்ற பல் வைத்தியப் பெண்மணி ஒருவரின் கதிரை அது. மெருகெண்ணெய் காணாத வெளிறிய ஓக் மரம். சவர்க்கார நீரால் மட்டுமே கழுவி வளர்க்கப்படுவது. பட்டதையெல்லாம் குடித்துவிடும். மறுநாள் துடைத்தபோது பொடி வந்தது, சிவப்பு வரவில்லை. சவர்க்காரச் சீவலும் வெந்நீரும் தோற்றன. உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்தும், விரல்நுனி அளவில் ஒரு செம்மை எஞ்சியே நின்றது. அதற்குமேல் தேய்த்தால் வளைவு கெடும்.

அந்தப் பெண்மணி அன்று பிற்பகலே வருவதாக இருந்தார். ஹெர் ஆமானின் முகம் கதிரையைவிட வெளிறியது. அவருடைய வாடிக்கையாளர் பாதிப்பேர் அந்த அம்மையாரின் சொல்லைக் கேட்டு வந்தவர்கள். அவர் போனால் அவர்களும் போவார்கள், பின்னல் வேலையை வெளியே கொடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை, சந்திரமதிக்குக் கடையில் பழைய வேலைதான் மிஞ்சும் என்று முதலாளி ஒளிக்காமல் சொன்னார். பிறகு வெள்ளை ஆட்டுத்தோல் ஒன்றைக் கொண்டுவந்து, நாகரிகத்துக்குப் போட்டதுபோலக் கதிரையின் முதுகில் சாய்த்து விரித்தார். வாயைத் திறக்க வேண்டாம் என்று சைகை செய்துவிட்டுக் கீழே வரவேற்கப் போனார்.

கைபேசியில் இருந்த தங்கைக்கும் அதே எண்ணம். "பேசாமல் இரு அக்கா. இந்த வயதிலை திரும்பவும் தடி பிடிக்கப் போறியோ?"

"நான் வைச்சது பொட்டடி" என்றார் சந்திரமதி. "மூடினால்தான் களவு." கைபேசியை அணைத்து முன்சட்டைப் பைக்குள் போட்டார்.

படியேறி வந்த பெண்மணி குனிந்து, புதிய பின்னலின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டார். வரிசைகளை விரலால் தொட்டுத் தொட்டு, அழகு, மிக அழகு என்று அவர் சொல்லச் சொல்ல, ஹெர் ஆமானின் தோள் மெல்லத் தளர்ந்தது. அவர் சாளரத்துப் பக்கம் திரும்பி, ரயில் ஒன்று போவதைப் பார்க்கத் தொடங்கினார்.

சந்திரமதி ஆட்டுத்தோலை எடுத்தார். நான்காய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவந்த இடத்தின் பக்கத்தில் சுட்டுவிரலை ஊன்றி, அந்தப் பெண்மணி நிமிரும்வரை எடுக்காமல் நின்றார்.