அறுபதைத் தாண்டாத ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலத்துக்குப் போய் வந்தேன். அக்காவின் மாமனாருக்குக் கண் திறந்துவிட்டது, கண்ணாடி வரப்போகிறது என்று தகவல். பார்க்காமல் இருக்க முடியுமா? அந்தக் கண்ணுக்காக நடந்த கூத்தில் எனக்கும் ஒரு வேஷம் உண்டு - மொழிபெயர்ப்பாளர் வேஷம்.

அதைச் சொல்ல வேண்டுமானால் அறுவடைக் காலத்துக்குப் போக வேண்டும்.

அறுவடை முடிந்த கையோடு அக்காவைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு அக்காவைத் தெரியும். எனக்குப் பல்வலி என்று எழுதியபோது பத்திரிகை ஆபீஸுக்கே கிராம்பு அனுப்பி வைத்தவள். திருச்சியிலிருந்து அரியலூர் வரை ரயில். அப்புறம் கரி பஸ். யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் வந்தது, பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிவிட்டார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, அந்தப் பஸ்ஸை நாமே தள்ளுகிற பாக்கியம் வேறு எந்த நாட்டில் கிடைக்கும்?

எனக்குப் பக்கத்தில் நின்று தள்ளியவர் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர். சீமையில் படித்துவிட்டுப் பட்டணத்தில் ஆராய்ச்சி செய்கிறவராம். நாற்பது வயதுதான் இருக்கும். ஆனால் அவருக்கு மூச்சு வாங்கிய வேகத்தைப் பார்த்தால் உட்கார வைத்து விசிறலாம் போலிருந்தது. பஸ்ஸின் மேல் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் தராசு - மனிதர்களை நிறுக்கிற தராசு.

"மனுஷனுக்கு ஏன் சார் வயசாகிறது? சில பேர் மட்டும் எப்படி எண்பதைத் தாண்டுகிறார்கள்? இந்தப் பக்கத்தில் வரகும் கம்பும் சாப்பிட்டு ரொம்ப நாள் இருக்கிறார்களாம். அதைத்தான் ஆராயப் போகிறேன்" என்றார், மறுபடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்.

வரகு விஷயத்தில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் அடுத்ததாக ஒன்று சொன்னார் பாருங்கள்... கண்ணில் புரை விழுந்த கிழவர்கள் யாராவது எழுபத்தைந்தைத் தாண்டி, இருதயமும் நன்றாக இருந்தால், திருச்சிக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து வைப்பாராம். கண் டாக்டர் இவருடைய சிநேகிதர். செலவு கிடையாது. வயதான உடம்பில் புண் எப்படி ஆறுகிறது என்று இவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்காவின் மாமனார் நல்லமுத்து மாமாவுக்கு எண்பது வயது. இரண்டு கண்ணிலும் புரை. ஆறேழு வருஷமாக ஒன்றும் தெரியாது. அதற்கு முன்பும் ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். மற்றபடி கல்லைத் தின்றால் கரைக்கிற உடம்பு. ஆராய்ச்சிக்கென்றே பிறந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊர்க்காரர்கள் பேசுவது எனக்கு அவ்வளவாகப் புரியாது. நீங்கள் கூட இருந்து உதவ வேண்டும்" என்றார் டாக்டர், இதுவரை பேசிய அதே இங்கிலீஷில். ஒப்புக்கொண்டேன்.

ஊருக்குள் பெட்டி இறங்கியது. அதோடு வம்பும் இறங்கியது.

இப்போது நெல் நம் குதிரில் இருந்தாலும் அது நம்முடையதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு, மிச்சத்தைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். குழந்தைகள் அரைத் தலை, அவர்களுக்கு அதில் பாதிதான். இந்தச் சமயத்தில், வயதானவர்களாகப் பார்த்து நிறுத்துப்போக ஒருவர் தராசோடு வந்தால் ஊர் என்ன நினைக்கும்?

சாயங்காலமே மணியக்காரர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"நெல்ல அளக்க மரக்காலோட வந்தானுவ. இப்ப ஆள அளக்க தராசோட வந்துட்டானுவ. கெழடுகட்டைங்களையும் அரைத் தலையாக்கப் போறாங்க, பாத்துக்கங்க" என்றார் ஒருவர்.

"அவரு டாக்டருங்க. உடம்பைப் பாக்க வந்திருக்காரு" என்றேன்.

"ஏன் தம்பி, இத்தினி வருசத்துல சர்க்காரு ஒரு கெழவன் ஒடம்பையாச்சும் தேடி வந்து பாத்திருக்கா?"

 

தாலுகா ஆபீஸில் விசாரித்து வருவதற்காக, மறுநாள் விடிந்ததும் மணியக்காரர் ஜயங்கொண்டம் போவது என்று முடிவாயிற்று. அவர் திரும்பும்வரை ஊரில் யாருக்கும் அறுபது ஆகக் கூடாது. பெரியவர்கள் எல்லோருக்கும் ஐம்பத்தைந்து. அவரவர் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து. ஆனால் ஒரு சிக்கல்... இந்தப் பக்கத்தில் வயதை வருஷக் கணக்கில் சொல்கிற பழக்கம் கிடையாது. 'தாது வருஷப் பஞ்சத்தில் இவர் மாடு மேய்த்தார், அவர் கைக்குழந்தை' என்றுதான் சொல்வார்கள். டாக்டர் அதைக் கேட்டுவிட்டால்?

"அப்படி ஒரு பஞ்சத்தையே நாம பாக்கலை. அவ்வளவுதானே?" என்றார் மணியக்காரர்.

தீர்ந்தது. ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போன ஒரு பஞ்சத்தை, ஒரு சாயங்கால நேரத்தில் ஊரே சேர்ந்து மறந்துவிட்டது.

"மச்சான், மாமாவுக்கு ஆபரேஷன் கிடைக்குமே. எண்பதுன்னு சொன்னாத்தானே கூட்டிக்கிட்டுப் போவாரு?" என்று அக்காவின் புருஷனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா மாப்ள? அப்பாவுக்கு எம்பதுன்னா எனக்கு முப்பத்தஞ்சு ஆவுமா? ஒரு வூடு மாட்டுனா ஊரே மாட்டிக்கும். ஊரு வவுத்துல அடிக்கச் சொல்றியா?"

மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஊரு சொல்றதுதான் சரி. விடுங்க தம்பி" என்றார்.

காலையில் கொல்லைப் பக்கம் போக அவருக்குக் கை கொடுத்தேன். பாதி வழியில் நின்றார். "கண்ணு தெரியலைன்னா கூடப் பரவால்ல தம்பி. இதுக்கும் ஒருத்தரு கையப் பிடிக்கணுமே... அந்த வெக்கத்துலதான் ராச்சோறு வேண்டாம்னுடறேன். கெழவனுக்குப் பசியில்லைன்னு நெனச்சுக்கிறாங்க."  

சாவடியில் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று.

முதலில் வந்த அம்மாளுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. "அம்பத்தஞ்சுங்க. பல்லு சின்ன வயசுலயே கொட்டிப்போச்சுங்க."

அடுத்தவர் இடுப்பு வளைந்து, தரையைப் பார்த்தபடி வந்தார். அவருக்கும் ஐம்பத்தைந்து. அவரைப் பிடித்துக்கொண்டு நரைத்த தலையோடு இன்னொருவர். "இவர் யார்?" என்றார் டாக்டர். "எம் மவன்" என்றார் பெரியவர். மகனுக்கு என்ன வயது? பதற்றத்தில் அவரும் மனப்பாடம் செய்ததையே சொல்லிவிட்டார் - ஐம்பத்தைந்து!

நான் அதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் என் காதோடு, "ஞாபகமும் போய்விடுகிறது, பார்த்தீர்களா?" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளிறிவிட்டது. ஊரில் அறுபதைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. இருக்கிற ஐம்பத்தைந்துகள் எல்லாம் தொண்ணூறு மாதிரி இருக்கின்றன. "சார், நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. வரகு ஆயுளை வளர்க்கவில்லை. மனுஷனைச் சீக்கிரமாகக் கிழடாக்கிக் கொன்றுவிடுகிறது! இதை உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்" என்றார். நேற்றுவரை அமுதமாக இருந்த வரகு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் கொலைகாரனாகிவிட்டது.

மாமாவின் முறை வந்தது. மச்சான் கையைப் பிடித்து அழைத்து வந்தார். டாக்டர் இருதயத்தைச் சோதித்துத் தலையாட்டினார். இமையை விலக்கிப் பார்த்தார். "நன்றாக முற்றிய புரை. எடுத்துவிட்டால் பளிச்சென்று தெரியும். வயசு?"

"அம்பத்தஞ்சு" என்றார் மச்சான்.

"அடடா... எழுபத்தைந்தாக இருந்தால் நாளைக்கே அழைத்துப் போவேன்."

"ஐம்பத்தைந்தில் கண் போனாலும் குருடுதானே டாக்டர்?" என்றேன்.

"ஆராய்ச்சி என்றால் ஒழுங்கு வேண்டும் சார். நான் வயதானவர்களை ஆராய்கிறவன்." என்ன செய்வது? கண்ணுக்குப் புரை இருந்தால் போதாது, தகுதியும் இருக்க வேண்டியிருக்கிறது.

"எதற்கும் தாது வருஷப் பஞ்சம் நினைவிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் வந்தால் அதைக் கேட்கச் சொன்னார்கள்" என்றார் டாக்டர்.

கேட்டேன். சாவடி மொத்தமும் மாமாவையே பார்த்தது. அவருக்குத்தான் அது தெரியாது. மச்சான் அவர் கையை அழுத்துவதைப் பார்த்தேன். மாமா கையை உருவிக்கொண்டார்.

"அதை எப்படிங்க மறக்கறது? மாடு மேய்க்கிற பய நானு. மேய்க்கிறதுக்கு மாடு ஒண்ணுகூட மிஞ்சலை. அரியலூருல கஞ்சி ஊத்துறாங்கன்னு எங்கப்பாரு என்னையும் என் தங்கச்சியையும் நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நான் போய்ச் சேந்தேன். அவ வழியிலேயே போயிட்டா. அவளைத் தெரிஞ்சவன்னு இன்னிக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். நானும் அந்தப் பஞ்சத்தைப் பாக்கலைன்னு சொல்லிட்டா, அப்படி ஒரு புள்ள பொறக்கவேயில்லைன்னு ஆயிடும். எனக்கு எம்பது வயசுங்க. அரைத் தலைன்னு வேணும்னா எழுதிக்கங்க."

அரைத் தலையைக்கூட விடாமல் டாக்டருக்கு மொழிபெயர்த்தேன்.

சாவடியில் ஒருவர் "கெடுத்தியே பெருசு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டாக்டர் ஒன்றும் புரியாமல், 'அரைத் தலை என்றால் என்ன வியாதி?' என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் மணியக்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். "தாலுகா ஆபீஸுல கேட்டுட்டேன்ப்பா. கெழவனுங்களைப் பத்தி அங்க எவனுக்கும் கவலையே இல்லை. இந்தத் தொரை யாருன்னே அவங்களுக்குத் தெரியாது!"

சர்க்காருக்கு நம்மைப் பற்றிக் கவலையில்லை என்று கேட்டு ஓர் ஊர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இலவச ஆபரேஷன் விஷயம் பரவியது. சாவடியில் எல்லோருக்கும் மளமளவென்று வயது ஏறத் தொடங்கிவிட்டது. எழுபத்தைந்து, எண்பத்தைந்து, தொண்ணூறு. பஞ்சம் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. பஞ்சம் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒருவர், சொத்தைப் பல்லைக் காட்டிக்கொண்டு கும்பினி ஆட்சியிலிருந்து கதையைத் தொடங்கினார். சாயங்காலம் டாக்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி, "வரகு சார், வரகு! உலகத்திலேயே இப்படி ஓர் ஊர் இருக்காது!" என்றார். அவர் எதை அச்சில் போடப் போகிறாரோ, தெரியாது. வீட்டில் வரகு இருந்தால் வாசகர்கள் அவசரப்பட்டுத் தூர எறிந்துவிட வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மாமாவை அழைத்துப்போகிறேன் என்ற வாக்கை டாக்டர் காப்பாற்றினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தலையை அசைக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்க வைத்திருந்தார்களாம். மாமா அதற்கும் அசையவில்லை.

போன ஞாயிறு நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மச்சான் திருச்சியிலிருந்து கண்ணாடியோடு வந்துவிட்டார். சோடாப் புட்டிக் கண்ணாடி. அவரே தன் கையால் அதை அப்பாவுக்கு மாட்டிவிட்டு, எதிரில் போய்க் கைகட்டி நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மாமா முதலில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கொல்லைப் பக்கம் போகிற வழியை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டார். அப்புறம் எதிரில் நின்ற நரைத்த தலையை, ஒட்டிய கன்னத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பெரியவரு யாரு? வயசானவரை இப்படி நிக்க வச்சிருக்கியே... உக்காரச் சொல்லும்மா" என்றார் அக்காவிடம்.

அடுத்தபடியாகக் கண்ணாடி என் பக்கம் திரும்பத் தொடங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.