மூன்றாவது கிளிப்பு

எங்கள் ஸ்டிக்கர் கடை கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டி எண், கடைப் பெயர், கல்யாண மண்டபத்தில் தெர்மோகோல் மேல் ஒட்டும் மணமக்கள் பெயர் எல்லாம் வெட்டிக் கொடுப்போம். வெளியே போய் ஒட்டுவது வீட்டுக்காரர் வேலை, வெட்டும் மெஷின் என் பொறுப்பு. வந்த நாளிலிருந்து அதற்கும் எனக்கும் ஆகாது. வேலை இல்லாத நாளில் சமர்த்தாக ஓடும். கடையில் நாலு பேர் காத்திருந்தால் அன்றைக்குப் பார்த்து அதற்கு ஏதாவது ஒன்று வந்துவிடும்.

ஆனாலும் ஆயுத பூஜைக்கு முதல் மரியாதை அதற்குத்தான். முந்தின நாளே தூசி தட்டிவிடுவேன். பூஜை அன்றைக்கு ஓட்டக் கூடாது. சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, பொரியும் பழமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து முதல் வேலையை ஆரம்பிப்போம்.

ஒரு வருடம் அப்படி வந்த முதல் வேலை ஒரு மஞ்சள் வேன். செலியமேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற வேன் அது. டிரைவர் என்னைவிட வயதில் சின்னவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இரண்டு நாள் கழித்து வேனுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை இருந்தது. முன்னாலும் பின்னாலும் 'பள்ளி வாகனம்' என்று பளிச்சென்று தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத்து உரிந்து போயிருந்ததால் ஏற்கெனவே ஒரு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறையும் தவறினால் டிரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

விஜயதசமி அன்று சுவிட்சைப் போட்டேன். கத்தியைத் தாங்கும் தலை வழக்கம்போல வலது ஓரத்துக்கு ஓடியது. வழக்கமாக அந்த ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அன்று திரும்பவில்லை. கடகடவென்று மெஷினின் பக்கச் சுவரை முட்டிக்கொண்டே இருந்து, டக்கென்று ஒரு சத்தத்தோடு அடங்கியது. தலையையும் பெல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்பு இரண்டாக உடைந்திருந்தது. இருப்பதே நகத்தளவுதான். உடைவதற்கு அதற்கு என்ன அவசரமோ.

தவளக்குப்பத்தில் ஒரு பாய் இருக்கிறார். ஜெராக்ஸ், பிரிண்டர், தையல் மெஷின் மோட்டார் என்று எதைக் கொடுத்தாலும் பார்ப்பார். போன் செய்தேன், சாயங்காலம் வந்தார். அவருடைய டப்பாவில் அதே மாதிரி கிளிப்பு ஒன்றே ஒன்று இருந்தது. பொறுமையாக மாட்டினார். கையோடு மெஷின் முழுக்கத் துடைத்தும் கொடுத்தார். பொட்டு இருந்த இடத்தை மட்டும் சுற்றிவிட்டுத் துடைத்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம், மூன்று தடவையும் தலை ஒழுங்காகப் போய்த் திரும்பியது. காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி டிரைவருக்குத் தகவல் சொன்னேன்.

காலையில் டிரைவர் எதிரே உட்கார்ந்திருக்க, சுவிட்சைப் போட்டேன். கடகட. டக். புதுக் கிளிப்பும் போச்சு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மறுநாள் காலை எஃப்.சி. போனை எடுத்து பாயை வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

"இன்னா பாய், டூப்ளிகேட் கிளிப்ப மாட்டிட்டுப் போயிட்டீங்களா? ஒரு ராத்திரி தாங்கல! இங்க ஒருத்தரு பொழப்பே போவுது."

பாய் "வரேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவர் வருவதற்குள் தவளக்குப்பத்தில் இருக்கும் இன்னொரு ஸ்டிக்கர் கடைக்கு டிரைவரை அனுப்பினேன். பூஜை லீவு, கடை பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். கையாலேயே வெட்டிவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். 'ப' ஒழுங்காக வந்தது. 'ள்ளி' முறுக்குப் பிழிந்த மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இத்த ஒட்டிக்கினு போனா சிரிப்பாங்கக்கா."

"தெரியுது. சும்மா ஒக்காருப்பா" என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்?

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாய் வந்தார். நேராக மெஷினிடம் போய் உட்கார்ந்தார். உடைந்த கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெஷின் தலையைக் கையால் மெதுவாக வலது ஓரத்துக்குத் தள்ளினார். அங்கே மிளகு அளவில் ஒரு பொத்தான் இருக்கிறது. தலை போய் அதை அமுக்கினால்தான் ஓரம் வந்துவிட்டது என்று மெஷினுக்குத் தெரியும். தலை போய் முட்டியது. பொத்தான் உள்ளே போகவில்லை. மறுபடி தள்ளினார், போனது. மறுபடி தள்ளினார், போகவில்லை.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு பிடரியைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இன்னா பாய்? சொல்லுங்க."

"சந்தனம் மா" என்றார் தணிந்த குரலில். "பொத்தான் சந்துல எறங்கிக் காஞ்சிருக்குது. அதான் ஒரு நேரம் அமுங்குது, ஒரு நேரம் அமுங்கல."

குனிந்து பார்த்தேன். வலது பக்கம் விசேஷம் என்று அந்த ஓரத்தில் தாராளமாகப் பொட்டு வைத்தது நான்தான். கொஞ்சம் வழிந்ததைக்கூடப் பார்த்தேன், வழிந்தால் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். காய்ந்து கல்லாகியிருந்தது.

"நேத்தே நீங்க பாக்கலியா?"

"பொட்டு இருந்தத பாத்தேன். உள்ள எறங்கிருக்கும்னு நெனைக்கல. நீ பூஜ பண்ணி வெச்சது. அதப் போய் நான் எப்பிடிம்மா தொடைக்கிறது?"

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே துடைத்திருப்பேனே என்று அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். நேற்று அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பூஜைப் பொட்டைத் துடைக்கச் சொல்கிறாரே என்று முகம் சுளித்திருப்பேனோ என்னவோ. அப்படிச் சுளித்திருக்க மாட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் டூப்ளிகேட் என்று கத்தினது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

ஈரத்துணியும் ஊசியும் எடுத்து வந்து நானே சுரண்டித் துடைத்தேன். பொத்தான் டிக் டிக் என்று சுத்தமாக அமுங்கியது. ஆனால் மாட்டக் கிளிப்பு இல்லை. சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். பாய் எங்கள் கடைக்குப் பின்னால் போய், பழைய போர்டு பிரேமிலிருந்து ஒரு துண்டு அலுமினியத்தை அறுத்துக்கொண்டு வந்தார். உடைந்த கிளிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மடக்கினார், அரத்தால் ராவினார், இரண்டு ஓட்டை போட்டார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். அது ஆறிப்போனதும் இன்னொன்று வாங்கி வந்து வைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் சுவிட்சைப் போட்டோம். டிரைவர் கோயில் வாசலில் நிற்பதுபோலக் கை கூப்பிக்கொண்டு நின்றார். தலை ஓரத்துக்குப் போனது, தொட்டது, திரும்பியது. 'பள்ளி வாகனம்' முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வெட்டி உரித்துக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்காரர் வேனில் ஒட்டி முடித்துவிட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு டிரைவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, பாஸ் ஆயிட்டேங்க்கா!" வேனைச் சொல்லாமல் தன்னைச் சொன்னார். பாய்க்கும் சொல்லிவிடச் சொன்னேன். சொல்லியாயிற்றாம், முதல் போனே அவருக்குத்தானாம்.

அந்த அலுமினியக் கிளிப்பு இன்று வரை உடையவில்லை. போன ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாய்க்குப் போன் செய்தேன்.

"பாய், மெஷினுக்குப் பொட்டு வெக்கப் போறேன். எங்க வெக்கலாம்?"

சிரித்தார். "பாத்து வெய்யிமா. எங்க வெச்சாலும் நான் சுத்திதான் தொடைப்பேன்."

மெஷின் மூடியின் நடுவில், சின்னதாக ஒன்று வைத்தேன்.