மருந்துத் தண்ணீரில் திறந்த நோன்பு

கல்முனையில் நாங்கள் வேலை செய்யும் ஸ்கேன் நிலையத்தில் யாருக்கு மூளை அதிகம் என்று கேட்டிருந்தால், நான் என்னைத்தான் சொல்லியிருப்பேன். என் பெயர் கனகரெத்தினம், ஊர் பாண்டிருப்பு. இருபத்திரண்டு வருடமாகப் படம் எடுக்கிறேன். வாயும் கொஞ்சம் நீளம். அந்த நினைப்பைச் சுல்பிகா ஒரே நாளில் இறக்கி வைத்துவிட்டாள்.

அவள் அங்கே உதவியாளர். வயிற்று ஸ்கேனுக்கு வருபவர்களுக்கு மருந்துத் தண்ணீர் கலக்கிக் கொடுப்பது அவள் பொறுப்பு. அந்த மருந்து நிறைந்தால்தான் படத்தில் குடல் வெள்ளையாகத் தெரியும். இல்லாவிட்டால் குடல் எது, அதை ஒட்டி வீங்கிய நெறிக்கட்டி எது என்று பிரிக்க முடியாது. ஒரு லீற்றரையும் ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். வாயில் வைக்க முடியாத கசப்பு. டொக்டரிடம் கேட்டு அதில் நன்னாரிப் பாகு சேர்க்கத் தொடங்கியவளும் சுல்பிகாதான்.

ஒரு திங்கட்கிழமை சாய்ந்தமருதிலிருந்து கச்சிமுகம்மது வந்தார். மீன்பிடிக்காரர், அறுபது வயது. மூன்று மாதத்தில் சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார், வயிறு மட்டும் வீங்கியிருந்தது. நிணநீர்ப் புற்றுநோயோ என்று டொக்டருக்குச் சந்தேகம். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்துக்கு அடங்கும் சாதி அது. பிந்தினால் ஆள் மிஞ்சமாட்டார்.

எடுத்த படம் ஒரே குழப்பம். வெள்ளையே இல்லை.

"மருந்தக் குடிச்சீங்களா?" என்று கத்தினேன்.

"போத்தல் முடிஞ்சி சேர்," என்றார் மெதுவாக.

அவருடைய குடலைத் திட்டி, மெஷினையும் திட்டி, அடுத்த திங்கள் வரச் சொன்னேன். ஒரு வாரம் வீணாகிறதே என்று அவருடைய மகன் வெளியே நின்று அழுதான்.

மறுநாள் காலையில் சுல்பிகா முற்றத்துக் குரோட்டன் சாடியடியில் குனிந்து நின்றாள். சாடியைச் சுற்றி எறும்பு மொய்த்துக் கிடந்தது. மண்ணைக் கிள்ளி மணந்து பார்த்தாள். நன்னாரி வாசம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த மனிதரைப் பிடித்துக் கிழித்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த திங்கள் பிற்பகல் கச்சிமுகம்மது வந்து உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. இரண்டு நிமிடத்துக்கொரு தரம் எழும்பிப்போய் வெளியே துப்பிவிட்டு வந்தார். சுல்பிகா போத்தலைக் கொடுக்காமல் பக்கத்தில் போய் நின்றாள்.

"காக்கா, நோன்பா?" என்று அண்ணனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வெளிய சொன்னா நன்மை குறைஞ்சிரும் புள்ள. துண்டில வெறும் வயித்தோட வரச் சொல்லித்தானே எழுதியிரிக்கி. எப்பிடியும் பட்டினிதானே, அதையும் நிய்யத்து வெச்சி நோன்பாப் புடிச்சா அல்லாஹ் நோயை லேசாக்குவான் எண்டு நெனச்சன். போன கிழமையும் அப்பிடித்தான்."

ஸ்கேனுக்கு வருபவர்களிடம் கொடுக்கும் அந்தத் துண்டுச் சீட்டை எழுதியவன் நான். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், வெறும் வயிறு என்றால் இவர்கள் காதில் என்ன விழும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சுன்னத்தான நோன்புதானே, கடமையில்ல, விட்டாக் குத்தமில்ல காக்கா," என்றாள்.

"ஓம், தெரியும். ஆனா மனசு கேக்குதில்ல புள்ள."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள். "சேர், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பொறகு எடுப்பமா?"

"அஞ்சு மணிக்கு நான் வீட்ட போகணும்."

"சரி சேர். அப்ப நீங்களே காக்காக்கிட்டச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் போகவில்லை.

பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அவர் மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். பழம் கூடாது என்றேன். "அப்ப மருந்தாலயே திறங்க காக்கா," என்று சுல்பிகா கோப்பையை நீட்டினாள். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தக் கசப்பைக் கொண்டு நோன்பு திறந்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை.

அன்றைய படத்தில் குடல் வெள்ளையாக ஓடியது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நெறிகள் கொத்துக் கொத்தாக நின்றன. எங்கே ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்று டொக்டர் உடனே குறித்தார். அந்த மாதமே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

துண்டில் இப்போது சுல்பிகா சொல்ல நான் எழுதிய ஒரு வரி இருக்கிறது: 'வெறும் வயிறு என்றால் நோன்பு அல்ல, மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும்.'

கச்சிமுகம்மதுவின் மறு ஸ்கேன் ரமழானில் வந்தது. முகத்தில் சதை பிடித்திருந்தது. "நான் இண்டைக்கு நோன்பில்ல புள்ள," என்றார் கூச்சத்தோடு. சுல்பிகா நோன்பு. வெளியே இருப்பவர்கள் பார்க்காதபடி ஒரு மூலையில் அவருக்குத் திரை கட்டியிருந்தாள். நன்னாரியை ஊற்றிக் கலக்கிவிட்டு, ருசி பார்க்க முடியாமல், கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

"இனிப்புக் காணுமா எண்டு பாருங்க சேர்."

நான் குடித்துப் பார்த்தேன். அப்போதும் கசந்தது. "காணும், இது போதும்," என்றேன். அன்று எடுத்த படத்தில் நெறிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.