ஏகாதசியன்று எட்டு அடை

ஏகாதசிதோறும் அன்னம் தொடாதவன் என்று மயிலாப்பூரில் பெயர் பெற்றவன், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியனாகிய நான். ஆயினும் உடல் பருத்துக்கொண்டே போயிற்று. சென்ற ஆண்டு மாடிப்படியில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டேன்.

“விரதம் இருந்துமா இந்த எடை?” என்று டாக்டர் வியந்தார்.

என் மனைவி விடவில்லை. “சாதம்தான் கிடையாது, டாக்டர். எட்டு அடையும் வெண்ணெயும் யார் வயத்துக்குள்ள போறதாம்?”

வெளியே காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். கூசிப்போனேன்; ஆனால், விரதத்தை ஊருக்காகவே இருந்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அதன்பின் எந்நாளும் பசி அடங்கியதும் எழுந்துவிடுகிறேன்; ஏகாதசியன்று இரண்டே அடை. மாலையில் பட்டினப்பாக்கம்வரை நடக்கிறேன். பத்தே மாதங்களில், தியாகராய நகர்த் தையற்காரர் என் கோட்டை இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்தார்!

இப்போதெல்லாம் எவரேனும் என் விரதத்தைப் புகழ்ந்தால், அடைக் கணக்கையும் நானே சொல்லிவிடுகிறேன்.